வயது வந்த மகள் ஒருத்தி

கண்ணையனும் கமலவேணியும் கடைசியாக ஒத்துப்போனது வக்கீல் வேண்டாம் என்பதில்தான். பிரிவதற்கு இருவருக்கும் சம்மதம். ஒன்றரை வருடமாகவே அவர் முத்தியால்பேட்டையில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். அவள் மகள் தாமரைச்செல்வியோடு லாஸ்பேட்டை வாடகை வீட்டில் இருந்தாள். இருவரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போட்டால் விவாகரத்து சுலபம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதை யார் போடுவது என்பதுதான் பாக்கி.

“நீதான பி.காம் படிக்கிற. நீயே பாத்துக்க” என்றாள் அம்மா. அப்பாவும் போனில் அதையேதான் சொன்னார்.

தாமரை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குடும்ப நீதிமன்றத்துக்குப் போய் விசாரித்தாள். அலுவலகத்தில் இருந்த பெண் ஊழியர் பொறுமையாகச் சொன்னார். இருவரும் கையெழுத்துப் போட்ட மனு, ஆளுக்கொரு பிரமாணப் பத்திரம், ஆதார், கல்யாணப் பத்திரிகை, கல்யாண போட்டோ. ஒருமுறை வந்து நீதிபதியிடம் சம்மதம் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து வந்து மறுபடி சொல்ல வேண்டும்.

“நடுவுல ஒருத்தர் மனசு மாறிட்டாலும் அவ்ளோதான், கேஸ் நிக்காது” என்றார்.

வீட்டில் இருந்த ஒரே கல்யாண போட்டோவில் அப்பாவுக்குத் தலை இல்லை. அம்மா பிளேடால் அறுத்து எடுத்திருந்தாள். வேறு போட்டோ அப்பாவின் தங்கை தனக்கொடியிடம்தான் இருக்கும் என்று தாமரை அங்கே போனாள். அத்தை அதைப் பீரோவிலிருந்து எடுத்துவந்து, கையில் கொடுக்காமல் படியில் வைத்தாள்.

“பெத்தவங்கள சேத்து வெக்க ஓடற பொண்ண பாத்துருக்கேன். அத்து வுட ஓடற பொண்ண இப்பதான் பாக்கறேன்.”

தாமரை குனிந்து எடுத்துக்கொண்டாள்.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங் கடை வைத்திருந்த கன்னியப்பன் மனுவை அடித்துக் கொடுத்தார். பெயர், வயது, கல்யாணம் நடந்த இடம், பிரிந்த தேதி எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவர், “பசங்க?” என்றார்.

“ஒரு பொண்ணு. இருவது வயசு.”

“அப்ப மேஜர். பிரச்சினையே இல்ல” என்று தட்டினார். ‘வயது வந்த மகள் ஒருத்தி இருக்கிறாள். அவள் தொடர்பாக எங்களுக்குள் எந்தக் கோரிக்கையும் இல்லை.’ தட்டி முடித்துத் திரும்பி, “அந்தப் பொண்ணு யாருகூட இருக்கு?” என்று கேட்டார்.

“நான்தாண்ணே அது.”

அவர் மறுபடி திரைப் பக்கம் திரும்பினார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்.

கையெழுத்துப் போட இருவரையும் ஒரே நாளில் அந்தக் கடைக்கு வரவழைத்தாள். அப்பா போட்டுவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தார். அம்மா அதை முந்தானையால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தொட்டாள்.

முதல் தடவை நீதிமன்றத்தில் சீக்கிரம் முடிந்தது. அதன் பிறகு ஆறு மாதம் காத்திருந்தபோதுதான் தாமரைக்கு மற்றது தெரியவந்தது. வில்லியனூரில் ஒரு பெண்ணோடு அப்பாவுக்குப் பழக்கம். அவளுக்கு இரண்டு பையன்கள். தீர்ப்பு வந்ததும் அவளைக் கட்டிக்கொள்ளப் போவதாகவும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். அம்மா திருப்பூரில் சித்தி வீட்டுக்குப் போய் கம்பெனி வேலையில் சேரப்போவதாகச் சொன்னாள். அதை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்றாள்.

நீயும் வா என்று இருவரில் யாரும் சொல்லவில்லை. கேஸ் முடியட்டும் என்று இருக்கிறார்கள் போலிருக்கிறது என்று தாமரை நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் தடவை அந்தப் பெண் நீதிபதி மனுவை நிதானமாகப் படித்தார். சம்மதம்தானா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பிறகு தலை நிமிர்ந்து, “பொண்ணு இனிமே யாரோட இருக்கும்?” என்றார்.

“அவங்கம்மாகூட” என்றார் அப்பா.

“அவங்கப்பாகூடங்க” என்றாள் அம்மா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. நீதிபதி பேனாவை மூடினார்.

“எங்கூட எப்டிங்க?” என்றார் அப்பா. “அங்க ரெண்டு பசங்க இருக்கானுங்க. வயசுப் பொண்ண அந்த வூட்ல எங்க படுக்க வெக்கறது?”

“இருவது வருசம் நான் பாத்தாச்சு” என்றாள் அம்மா. “இவளுக்காகத்தான் இந்தாளுகூட பல்லக் கடிச்சிகினு இருந்தேன். இவ இல்லன்னா அப்பவே போயிருப்பேன். இனிமேலாவது நான் வாழணுங்க.”

பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாமரையை நீதிபதி எழுந்து நிற்கச் சொன்னார். “நீ சொல்லும்மா. இது முடிவாகலன்னா நான் வேற தேதி போட்டுடறேன்.”

தாமரை அவர்களைப் பார்த்தாள். அப்பா மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார். அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். வேறு தேதி என்றதும் இருவர் முகத்திலும் வந்த பயம் ஒரே மாதிரி இருந்தது.

“நான் ஹாஸ்டல்ல சேந்துட்டேன் மேடம்” என்றாள்.

எந்த ஹாஸ்டல் என்று அவர்கள் இருவரும் கேட்கவில்லை. அன்றே விவாகரத்து ஆனது. வெளியே வந்ததும் அம்மா, “நல்லவேளை, சமாளிச்ச” என்றாள். மறுவாரமே வீட்டைக் காலி செய்துகொண்டு திருப்பூர் போய்விட்டாள்.

தாமரை காலேஜ் பெண்கள் இருவர் எடுத்திருந்த அறையில் மூன்றாவது ஆளாகப் பாய் போட்டுக்கொண்டாள். சாயங்காலத்தில் ஒரு துணிக்கடையில் பில் போட்டாள்.

அப்பாவுக்குத் தீர்ப்பு நகல் அவசரமாகத் தேவைப்பட்டது. அவரிடம் கையெழுத்து வாங்கி, மனுப் போட்டு, நகல் வந்ததும் வில்லியனூருக்குக் கொண்டுபோனாள். அப்பா கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் யாரு என்று கேட்டது.

“கோர்ட்லேர்ந்து காயிதம் குடுக்க வந்துருக்காங்க” என்றார் அப்பா. பிறகு தாமரையைப் பார்த்து, “சரி, வெயில்ல நிக்காத, கெளம்பு” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அடுத்த மாதம் அம்மா போன் செய்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், “அந்தத் தீர்ப்பு காயிதம் எனக்கும் வேணும் தாமர. இங்க கேக்கறாங்க. வாங்கி அனுப்பு” என்றாள்.

“கோர்ட்டுக்கு நேர்ல வாம்மா. கேஸ் நம்பர் எழுதி ஒரு மனு குடுக்கணும், ஸ்டாம்ப் ஒட்டணும். அப்பறம் அவங்க சொல்ற தேதிக்கு இன்னொரு வாட்டி வந்து வாங்கிக்கணும்.”

“எனக்கு இன்னா தெரியும் அதெல்லாம்? திருப்பூர்லேர்ந்து ரெண்டு வாட்டி வர முடியுமா? லீவு குடுக்க மாட்டாங்க. நீ இல்லாம எப்டி?”

“கேட்டா சொல்லிக் குடுப்பாங்கம்மா” என்றாள் தாமரை. கடையில் கூட்டம் இருந்தது. போனை அணைத்துவிட்டு அடுத்த ஆளின் பில்லைப் போட்டாள்.