மரம் ஏற்றிய கப்பல்

வசந்தகுமார் விட்ட டார்பிடோ சரக்குக் கப்பலின் நடுவயிற்றில் பட்டது. தீ எழுந்தது, தண்ணீர் பனைமர உயரத்துக்குக் கிளம்பி விழுந்தது. பிறகு அந்தக் கப்பல் லிஃப்ட் இறங்குவதுபோல நேராகக் கீழே போய்விட்டது. இதெல்லாம் மீஞ்சூரில் அவன் வீட்டு முன்னறையில், கம்ப்யூட்டர் திரையில். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி நர்மதா கேட்டாள்.

“எல்லாக் கப்பலும் ஒரே மாதிரி முழுகுதே. உள்ள இன்னா சரக்கு இருக்குதுன்னு பாக்க மாட்டாங்களா?”

“கேம்ல அதெல்லாம் கெடையாது.”

சொல்லிவிட்டானே தவிர, அந்தக் கேள்வி அவனை விடவில்லை. கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தொட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் டிராயிங் போடுகிறவன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்த நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டின்மேல் பைத்தியம். அடிபட்ட கப்பல் நிஜக் கப்பலைப்போல மூழ்கவேண்டும் என்று அதன் ஃபைல்களைத் திருத்தி, இதே பைத்தியம் பிடித்த உலகத்து ஆட்கள் கூடும் இணையக் குழுவில் போடுவான். ஒரு வருஷமாகக் கப்பலின் வயிற்றை அறை அறையாகப் பிரித்து, ஒன்று நிறைந்தபின் அடுத்ததற்குத் தண்ணீர் போகும்படி செய்துகொண்டிருந்தான். சரக்கைப் பற்றி மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை.

தான் வேலை பார்த்த கம்பெனி மூடியதிலிருந்து நர்மதா வீட்டில்தான் இருந்தாள். எந்த ஃபைலில் எந்த எண்ணை மாற்றவேண்டும் என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான், கொஞ்சம் பெருமையாகவே. அவன் ஷிஃப்டுக்குப் போன பிறகு அவள் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கூப்பிட்டுக் காட்டினாள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சரக்கு வைத்திருந்தாள். இரும்புத்தாது ஏற்றிய கப்பல் கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போனது. மரம் ஏற்றிய கப்பல் அப்படிப் போகவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேல்தளத்துக் கட்டைகள் சரிந்து கடலில் விழுந்தன. இதோ கவிழப்போகிறது என்று நினைத்த இடத்தில், மனசு மாறியதுபோல நின்றுவிட்டது.

“நின்னுகினே இருக்குது பாருங்க. உள்ள கட்டை மெதக்குதுல்ல, அதான் உடமாட்டேங்குது.”

அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த கணமே வயிறு எரிந்தது. தான் ஒரு வருஷம் மாரடித்ததை இவள் உலை கொதிக்கிற நேரத்தில் செய்துவிட்டாளே.

“கேம் ஹேங் ஆவும்,” என்றான்.

ஆகாது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவள் செய்ததை எடுத்துவிட்டுத் தன்னுடையதை மட்டும் குழுவில் போட்டான். யாரோ இரண்டு பேர் நன்றி சொன்னார்கள்.

“என்னுது போடலியா?”

“அதான் ஹேங் ஆவுதுன்னு சொன்னேனே.”

“எனக்கு ஆவலியே,” என்றாள் நர்மதா.

அடுத்த வாரம் வேலை முடிந்து திரும்பும்போது, ரயில் பொன்னேரியைத் தாண்டியதும் போனைத் திறந்தான். குழுவில் புதிதாக ஒரு பதிவு. போட்டவர் பெயர், மீஞ்சூர் நர்மதா. ‘அறைகளைப் பிரித்தவர் என் கணவர். அவர் வேலை இல்லாமல் இது இல்லை’ என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். அதன் கீழே பாராட்டுகள் குவிந்திருந்தன. இருபது வருஷமாக விளையாடுகிறேன், மூழ்கடித்த கப்பலுக்காக இன்றுதான் வருத்தப்பட்டேன் என்று எங்கோ ஒரு கிழவர் எழுதியிருந்தார். வசந்தகுமார் ஒன்று விடாமல் படித்தான். யாராவது ஒருவர் குறை சொல்லியிருக்க மாட்டாரா என்று தேடித் தேடிப் படித்தான். ஒருவரும் சொல்லவில்லை. அந்த முதல் வரியை அவள் எழுதாமல் இருந்திருந்தால் வீட்டுக்குப் போய்ச் சண்டையாவது போட்டிருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை.

அன்று ராத்திரி சோறு போடும்போது நர்மதா ரசம் நன்றாக இருக்கிறதா என்றுமட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மாடியில் துணி காயப்போடப் போனதும் அவளுடைய ஃபைலை இறக்கிக்கொண்டு விளையாட்டைத் திறந்தான். திரையில் அந்தி நேரத்துக் கடல். மரம் ஏற்றிய கப்பலை நெருங்கி அடித்தான். சாய்ந்தது, கட்டைகள் சரிந்தன, நின்றது. அன்று பார்க்காத ஒன்று இப்போது இருந்தது. மேல்தளத்து அறையின் ஜன்னல் ஒன்றில் மஞ்சளாக ஒரு விளக்கு.

பின்னால் காலி வாளியை வைக்கும் சத்தம் கேட்டது. அவன் திரும்பவில்லை.

“சண்டைக் காலத்துல கப்பல்ல லைட்டே போடமாட்டாங்க. இது தப்பு,” என்றான். சொல்லும்போது மனசுக்கு இதமாக இருந்தது.

“அடி வாங்குற வரைக்கும் போடமாட்டாங்க. அப்பறம் போட்டுத்தான ஆவணும்? இருட்டுல எப்படிப் படகுல ஏறுவாங்க?”

ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“எப்போ அணையும்?” என்று கேட்டான்.

“தண்ணி அங்க வந்தா.”

கப்பல் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. கட்டைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு விலகிப் போயின. அலை ஏறி வந்து ஜன்னலின் கீழ்ச்சட்டத்தைத் தொட்டு இறங்கியது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.