பிசிறு

வீரலட்சுமிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில், கூட வேலை பார்த்த ஆனந்தராஜின் இரண்டு விரல்கள் போன அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக உத்தனப்பள்ளி ரோட்டில் நண்பன் அஜாஸின் அப்பா லால் பாஷா நடத்தும் சாக்கு மண்டிக்குப் போய், மூலையில் போட்டிருந்த தங்கள் டிரம்ஸின் முன்னால் உட்கார்ந்து அடி அடியென்று அடித்தாள். அஜாஸ் கிட்டாரை எடுத்து ஆம்ப்ளிஃபயரில் சொருகினான்.

இசைக்குழுவில் அவர்கள் இரண்டே பேர்தான். பெயர் ‘பிசிறு’. தகட்டை வெட்டியதும் ஓரத்தில் கையைக் கிழிக்கிற மாதிரி நிற்குமே, அந்தப் பிசிறு. அவள் அடிப்பாள், அவன் வாசித்துக்கொண்டே பாடுவான். அவன் குரல் இனிமை என்று பெற்ற தாய்கூடச் சொன்னதில்லை.

அன்று பிறந்த பாட்டில் ஒரே கேள்விதான்.

‘கைய விட்டவன் பேரு தெரியும்,
கம்பி கட்டினவன் பேரு கூறு!’

பாதுகாப்புக் கதவு திறந்திருந்தால் பிரஸ் இறங்கக் கூடாது. அதற்கென்று ஒரு சென்சார் உண்டு. உற்பத்தி குறைகிறது என்று சூப்பர்வைசர் திம்மப்பன் அதைக் கம்பியால் கட்டி முடக்கியதை, அதே லைனில் நின்ற வீரலட்சுமி கண்ணால் பார்த்தாள். கம்பெனியோ ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று சொல்லிக் கைகழுவியது.

அந்தக் கம்பெனியின் மனிதவள அதிகாரி ஹரீஷ்குமார் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

“நீ ஏதோ பேண்டு வெச்சிருக்கியாமே? பாதுகாப்பு வார விழாவுல வாசிங்க. ரெண்டு சினிமா பாட்டு போதும், ஜாலியா இருக்கணும்.”

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அஜாஸ் பதறினான்.

“நம்ம பாட்டை அங்க பாடுனா உன் வேலை போயிரும் வீரா.”

“போகட்டும்டா. விரலைத் தின்ன எடத்துல டூயட் வாசிக்கச் சொல்றியா?”

ஷிப்டு மாறும் மதிய நேரத்தில் விழா நடந்தது. முதல் பாட்டு சினிமாப் பாட்டு. மேடையில் இருந்தவர்கள் தாளம்கூடப் போட்டார்கள். இரண்டாவது பாட்டில் அஜாஸ் ‘கைய விட்டவன் பேரு தெரியும்’ என்று தொடங்கினான். பிறகு பின்வரிசையில் ஒருவர் எழுந்து, “ஹெஸரு ஹேளு! பேரைச் சொல்லு!” என்று கன்னடத்திலும் தமிழிலும் கத்தினார். நாலாபுறமும் அதே குரல் எழுந்தது.

ஹரீஷ்குமார் கையைக் காட்டினார். கரண்டை நிறுத்திவிட்டார்கள். கிட்டார் செத்தது, மைக் செத்தது. டிரம்ஸை எந்த சுவிட்சைப் போட்டு நிறுத்துவார்கள்? வீரலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓங்கி அடித்தாள். அஜாஸ் வெறும் தொண்டையால் கத்தினான். கடைசியில் செக்யூரிட்டிகள் ஏறி, அவளுக்கு முன்னாலிருந்த டிரம்மைத் தூக்கி மேடைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார்கள்.

மறுநாள் கேட்டிலேயே அவளை மறித்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லையாம்.

அவள் அங்கிருந்து ஆனந்தராஜின் வீட்டுக்குத்தான் போனாள். அவர் முகம் மலரும் என்று நினைத்திருந்தாள். அவரோ வாசலிலேயே நிறுத்தினார்.

“யாரைக் கேட்டுப் பாடுனீங்க?”

“உனக்காகத்தாண்ணா...”

“எனக்காகவா? ஸ்டோர்ஸ்ல உக்கார்ற வேலை தர்றேன்னு சொல்லியிருந்தாங்க. இப்ப, நீதான் தூண்டிவிட்டியான்னு கேட்டு அதையும் இல்லேன்னுட்டாங்க. பாட்டு உங்களுது, கைதட்டு உங்களுது. விரல் மட்டும் என்னுது, இல்ல?”

அவளுக்குச் சுருக்கென்றது. எதிர்த்துக் கத்தத்தான் வாய் துடித்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தள்ள முடியவில்லை. அவரைக் கேட்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. அந்தக் கோபம் இப்போது அவள் மேலேயே திரும்பியது.

“தப்புதாண்ணா,” என்றாள். “ஆனா கம்பி கட்டுனதை நான் பாத்தேன். தொழிலாளர் ஆபீஸ்ல வந்து சொல்றேன். இனிமே என்னைய மிரட்ட அவனுங்ககிட்ட என்ன இருக்கு?”

ஆனந்தராஜ் வாசலை விட்டு விலகி அவளை உள்ளே விட்டார். “சரி, போலாம். அந்தப் பாட்டை மட்டும் இனி எங்கயும் பாடாதீங்க.”

மனு கொடுத்த அன்று, திம்மப்பனின் பெயரையும், கம்பி கட்டியதைக் கண்ணால் பார்த்ததையும் அவள் தொழிலாளர் அதிகாரியின் முன்னால் உரக்கச் சொன்னாள். கம்பெனிக்கு நோட்டீஸ் போனது. வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனந்தராஜ் இப்போதும் அவளோடு அதிகம் பேசுவதில்லை. வாய்தாவுக்கு மட்டும் அவள் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வருகிறார்.

அஜாஸுக்குத்தான் ஆறவில்லை. “நம்மகிட்ட இருந்ததுலயே நல்ல பாட்டு அதுதான் வீரா.”

“தெரியும்டா. அது அவரு வலி. கேட்ல நிறுத்தி வெளிய போன்னாங்களே, அது என்னுது. அதைப் பாடலாம், யாரையும் கேக்க வேணாம்.”

அவள் அடிக்கத் தொடங்கினாள். புது அடி, முன்னதைவிடக் கரடுமுரடு. அஜாஸ் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தை முழுக்கத் திருகினான்.