பின்பக்கத்தில் ஒரு முத்திரை

கடைக்கு உரிமம் இருந்தது. உள்ளே நுழைகிற யார் கண்ணிலும் முதலில் படுவதே அதுதான். பொன்னிற விளிம்பு, இரண்டு அங்குல வெள்ளை ஓரம், தூசி ஒட்டாத கண்ணாடி. ஊரார் படத்துக்கெல்லாம் ஃப்ரேம் போடுகிறவர் தன் உரிமத்துக்குப் போடாமல் விடுவாரா?

மதியம் மூன்று இருபது. அவர் மனைவி ஒரு ரசீதைக் கோப்பில் செருகப் போனவள், அதன் அடியில் எறும்பு ஊர்வது போலிருந்த பொடி எழுத்தைப் படித்துவிட்டாள்.

"ஏங்க, லைசென்ஸ் புதுப்பிச்சாச்சுன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா. பணம் கட்டி ரெண்டு வாரம் ஆச்சு."

"பணம் கட்டினா மட்டும் போதாதாம். அசலைக் கொண்டு போய், பின்பக்கம் இருக்கிற கட்டத்துல முத்திரை வாங்கணுமாம். இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான்."

"அவ்வளவுதானே. வாங்கிட்டா போச்சு."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

"என்னங்க?"

"பின்பக்கம் இல்ல."

"பின்பக்கம் இல்லாத பேப்பர் உண்டா?"

இருந்தது. மூன்று வருடத்துக்கு முன், உரிமம் கைக்கு வந்த அன்றே, காகிதம் சுருங்காமல் நிற்க வேண்டுமென்று, சூட்டு பிரஸ்ஸில் வைத்துக் கெட்டி அட்டையோடு ஒட்டியிருந்தார். ஆயுசுக்கும் பிரியாது என்று வாடிக்கையாளர்களிடம் சத்தியம் செய்கிற அதே ஒட்டு. தொழிலில் அவர் பொய் சொல்வதில்லை.

சாதாரண நாளாக இருந்தால் அபராதத்தோடு போயிருக்கும். ஆனால் போன வருடம் அந்தத் தெருவைக் குடியிருப்புப் பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். பழைய கடைகள் தொடரலாம். உரிமம் ஒரு நாள் விட்டுப்போனாலும் புதிதாகத் தரமாட்டார்கள். ஐந்து மணி தாண்டினால் கடைக்குப் பூட்டு.

ஃப்ரேமைக் கழற்றினார்கள். கண்ணாடியை எடுத்தார்கள். அட்டையும் உரிமமுமாக ஒரே பலகை போல இருந்ததைக் கணவன் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள, மனைவி ரசீதோடு ஓடினாள்.

நான்கு பத்து. உரிம அலுவலகத்தின் மூன்றாம் கவுன்ட்டரில் இருந்த எழுத்தர் அந்தப் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது, கதவா?"

"லைசென்ஸ் சார்."

திருப்பினார். அட்டை. மறுபடி திருப்பினார். உரிமம். மறுபடி அட்டை.

"கட்டம் எங்க?"

"உள்ள இருக்கு சார்."

"அட்டை மேல முத்திரை வைக்க எனக்கு அதிகாரம் இல்ல. லைசென்ஸோட பின்பக்கம்னுதான் விதியில இருக்கு."

"டூப்ளிகேட் ஒண்ணு குடுங்க சார்," என்றாள் மனைவி.

"தொலைஞ்சிருந்தா குடுக்கலாம். தொலைஞ்சுதா?"

பலகை அவர் மேஜையில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"இல்ல சார்," என்றார் கடைக்காரர்.

"இன்னும் கொஞ்சம் அழகா ஒட்டியிருக்கலாமே நீங்க," என்றாள் மனைவி. கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து கட்டரை எடுத்து, பிளேடைத் தள்ளினார். கிளிக். எழுத்தர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"சார், எழுதாத வெறும் ஃபாரம் ஒண்ணு காட்டுங்க. தொட மாட்டேன்."

எழுத்தர் தூரத்திலிருந்தே நீட்டினார். கடைக்காரர் அதன் பின்பக்கத்தில் முதல் கட்டத்தை ஸ்கேலால் அளந்தார். இடமிருந்து நான்கு சென்டிமீட்டர், மேலிருந்து ஆறு. வெள்ளை ஓரத்துக்கு இரண்டு அங்குலம் கூட்டி, அதே இடத்தை அட்டையில் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

"அரசு ஆவணத்தைக் கத்தியால வெட்டப் போறியா?"

"ஆவணம் முன்னாடி இருக்கு சார். இவர் வெட்டுறது அட்டையை. அட்டை எங்க கடையோடது," என்றாள் மனைவி. "பில் வேணும்னா கொண்டு வர்றேன்."

எழுத்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அட்டையைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

நான்கு இருபத்தைந்து. பிளேடு இறங்கியது. முதல் அடுக்கு பிரிந்தது. இரண்டாவது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் தங்கள் வேலையை மறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஆழமா போனா முன்னாடி ஓட்டை விழும்டா."

"அவருக்குத் தெரியாதா? நீ மூச்சு விடாம நில்லு."

மூன்றாவது அடுக்கு. நான்காவது. நான்கு நாற்பத்தெட்டு. இனி பிளேடு ஆகாது. பெருவிரலால் தேய்த்தார். பசை சுருண்டு சுருண்டு உதிர்ந்தது. மங்கலாக ஒரு கோடு. பிறகு நான்கு மூலைகள். உள்ளே, 'அலுவலக உபயோகத்திற்கு மட்டும்'.

"கட்டம் சார்."

எழுத்தர் கண்ணாடி போட்டு, பலகையை ஒரு கையால் மேஜையிலிருந்து தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கட்டம்தான். முத்திரையை மையில் ஒற்றிக் கையை ஓங்கினார். அந்த அலுவலகத்தில் எல்லோரும் ஓங்கித்தான் குத்துவார்கள்.

"நில்லுங்க சார்!"

கத்தியது மனைவி. "அந்த இடத்துல இப்ப வெறும் பேப்பர்தான் இருக்கு. நீங்க குத்துற குத்துல முத்திரை அந்தப் பக்கம் வந்துடும்."

பலகைக்கு அடியில் கையை நுழைத்து, கட்டத்துக்கு நேர் கீழே உள்ளங்கையை விரித்துக் காகிதத்தைத் தாங்கினாள்.

"ம். இப்ப வைங்க. மெதுவா."

இருபத்திரண்டு வருட சர்வீஸில் முதல்முறையாக எழுத்தர் முத்திரையை மெதுவாக வைத்தார். எடுத்தார். தேதி தெளிவாக இருந்தது. காகிதம் கிழியவில்லை. கையெழுத்தும் போட்டு முடித்தபோது மணி நான்கு ஐம்பத்தாறு.

வரிசையில் யாரோ கை தட்டினார்கள். எழுத்தர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

கடைக்காரர் பலகையைத் தூக்கினார். எழுத்தர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்ப்பா, எங்க ஆபீஸ்ல நல்ல சேவைக்குன்னு எனக்கு ஒரு சான்றிதழ் குடுத்தாங்க. வீட்ல சும்மா சுருட்டி வச்சிருக்கேன். அதையும் இதே மாதிரி கெட்டியா..."

"ஜம்முனு பண்ணிடலாம் சார்! ஆயுசுக்கும்..."

கணவனின் முழங்கையை மனைவி பிடித்து நிறுத்தினாள்.

"முதல்ல அதைத் திருப்பிப் பாருங்க சார். பின்னாடி ஏதாவது கட்டம் இருக்கப் போகுது."