ஊர்கூடி அமுக்கிய விளம்பரம்

விளம்பரக் கம்பெனியின் விதிகள் மொத்தம் பதினொரு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். நான் அதை அச்செடுத்து, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்துப் பாதியை மனப்பாடமாக்கி வைத்திருந்தேன். உன் வெப்சைட்டில் வரும் விளம்பரத்தை நீயே மவுஸால் அமுக்காதே. யாரையும் அமுக்கச் சொல்லாதே. அமுக்கினால் உதவியாக இருக்கும் என்று ஜாடையாகக்கூட எழுதாதே. இவ்வளவு படித்தவளுக்கு இதை அம்மாவுக்கும் ஒருமுறை சொல்லி வைக்கவேண்டும் என்று தோன்றவில்லை பாருங்கள். அதற்குத்தான் அனுபவித்தேன்.

நான் பரிமளா. இது நடந்தது 2008இல். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பஞ்சாட்சரம் அண்ணனின் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் மானாம்பதி பக்கத்துக் காலனி. சென்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு மனுவைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார்கள். சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது. ஒவ்வொருவருக்கும் சொன்னதையே சொல்லி என் தொண்டை வறண்டுபோனதால், எல்லாவற்றையும் எழுதி ஒரு வெப்சைட் போட்டேன். எந்த மனு, எந்த ஆபீஸ், எந்தத் தாளைக் கேட்டு இழுத்தடிப்பார்கள் என்பது வரைக்கும் அதில் இருந்தது. தமிழில் மட்டும் இருந்தால் அந்தக் கம்பெனி விளம்பரம் தராது என்பதால் இங்கிலீஷிலும் எழுதினேன்.

விளம்பரம் எதற்கு என்றால், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏறாமல் இருப்பதற்கு. அது காலை நாலரைக்குக் காலனி முனையில் வந்து நிற்கும். நான் ஏற்கெனவே ஆறு மாதம் அதில் போய் வந்தவள். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை. உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. கணுக்கால் வீங்கி, செருப்பு நுழையாமல் வீடு திரும்புவேன். இப்போது மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள், மாசக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லி. அம்மாவிடம் கெஞ்சி ஒரு தவணை வாங்கியிருந்தேன். விளம்பரத்தில் வருமானம் வர ஆரம்பித்தால் ஊரிலேயே இருக்கலாம், வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறவேண்டும்.

அந்த மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு தபால் வந்தது. விலாசம் சரிதானா என்று பார்க்க விளம்பரக் கம்பெனி ஓர் எண்ணை அச்சடித்து அனுப்பியிருந்தது. போஸ்ட்மேன் முத்துகிருஷ்ணன் அதை வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா பெயர் பாக்கியமேரி. வெளிநாட்டு ஸ்டாம்பைப் பார்த்த கையோடு பத்துப் பேருக்குக் காட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து இது இன்னா என்று கேட்டாள். வெப்சைட்டில் விளம்பரம் வரும், யாராவது அமுக்கினால் எனக்குக் காசு வரும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நான் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரு வரிதான் என்னைக் கொன்றது.

அந்த ஞாயிறு நான் சென்டரில் இல்லை. பிரிண்டர் இங்க் வாங்க அண்ணன் என்னைக் காஞ்சிபுரம் அனுப்பியிருந்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் பூரித்துக் கிடந்தது. கோயிலில் ஞாயிறு ஜெபம் முடிந்ததும் எங்கள் காலனி மொத்தமும் வந்து போனதாம். வெளுத்த வேட்டி, நல்ல புடவை என்று வரிசையில் நின்று, ஆளுக்கு அரை மணி நேரம் காசு கொடுத்து உட்கார்ந்தார்களாம். விளம்பரக் கணக்கைத் திறந்து பார்த்தேன். என் பக்கத்தில் ஒரு நாளைக்கு இரண்டு பேரோ மூன்று பேரோ விளம்பரத்தை அமுக்குவார்கள். அன்று அறுபத்தொரு முறை, எல்லாம் எங்கள் சென்டரிலிருந்தே.

வீட்டுக்கு ஓடினேன். கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் ஞானதாஸ் அறிவிப்பு வாசிக்கும்போது அம்மா எழுந்து, எங்க பொண்ணு சொந்தமாத் தொழில் தொடங்கிக் கீது, எல்லாரும் போய் ஒரு அமுக்கு அமுக்கிட்டு வரணும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதோடு விட்டாளா? நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மொய் எழுதியிருந்தாள். ஞானதாஸ் ஐந்து, ஜான் மூன்று, பவளம் நான்கு. நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்யவேண்டுமே என்றாள். இவளை என்ன செய்வது? சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? அடித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது. ஒரே இடத்திலிருந்து இயல்பில்லாத முறையில் அமுக்கியிருக்கிறார்கள், இது தொடர்ந்தால் கணக்கு மூடப்படும் என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து நாளைக்குப் பத்து முறை மெயில் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். மாலையில் இரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. அந்த இரண்டு மணி நேரமும் சென்டர் வாசலில் நின்று, உள்ளே என்ன வந்திருக்குமோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த ஞாயிறு நானே கோயிலில் எழுந்து நின்றேன். தயவுசெய்து யாரும் விளம்பரத்தை அமுக்காதீர்கள், நான் ஏமாற்றுகிறேன் என்று கம்பெனி நினைக்கிறது, காசைத் தரமாட்டார்கள், கணக்கையே மூடிவிடுவார்கள் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஞானதாஸ் மட்டும் எழுந்து தொண்டையைச் செருமினார். அந்தக் காலத்தில் ஆண்டை வீட்டுக் களத்தில் கூலி நெல்லை அளக்காமல் இழுத்தடித்தபோது முன்னால் நின்று கேட்ட ஆள் அவர்.

"வேலய வாங்கிக்கினு, கூலி குடுக்கச் சொல்ல திருட்டுப்பட்டம் கட்றது நாம பாக்காததா? இந்தப் பொண்ணு பயப்படுது. நாம பயப்படக்கூடாது."

அவ்வளவுதான். அன்று மதியம் காலனியே இரண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியது. போன முறை வராதவர்களும் வந்திருந்தார்கள். எனக்கு உலகமே இருட்டிக்கொண்டு வந்தது. சென்டர் வாசலில் கையை விரித்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. என்னைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிடத்தான் எல்லோரும் சேர்ந்து வந்திருக்கிறீர்கள் என்று சொன்னது நினைவிருக்கிறது. ஞானதாஸின் முகம் சுருங்கிப்போனது. ஒருவரும் உள்ளே வரவில்லை.

மூச்சு வாங்கத் திரும்பினேன். உள்ளே மூன்றாவது மெஷினில் செங்கேணி அக்கா உட்கார்ந்திருந்தாள்.

செங்கேணி ஏரிக்கரை இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். அம்மாவோடு களை எடுக்க வருகிறவள். எழுதப் படிக்கத் தெரியாது. அவள் மகள் நதியாவுக்கு நான்கு வருஷமாக இழுத்தடித்த சாதிச் சான்றிதழ், என் பக்கத்திலிருந்து எடுத்த மனுவை வைத்துத்தான் கிடைத்தது. அந்த நன்றிக்கு அவள் மட்டும் வாரத்தில் இரண்டு நாள், வேலை விட்டு மானாம்பதியிலிருந்து பஸ் ஏறி வந்து, பத்து ரூபாய் கொடுத்து, விளம்பரத்தைத் தேடித் தேடி அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் டீ குடிக்கப் போகும் நேரமாகப் பார்த்து வருவாளாம். எனக்குத் தெரிந்தால் காசு வாங்கமாட்டேன் என்று. இதெல்லாம் பின்னால் பஞ்சாட்சரம் அண்ணன் சொன்னது. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்ததெல்லாம், மவுஸ் மேல் இருந்த அவள் கையும், அது போய் நின்ற இடமும்தான். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"கைய எடு. தொடாத. இனிமே இத நீ தொடவே கூடாது."

சென்டரில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். செங்கேணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அதில் என்ன அழுக்கு இருந்தது? ஒன்றும் இல்லை. பத்து ரூபாயை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, வாசலில் நின்றவர்கள் நடுவே குனிந்து போனாள். அம்மாவும் அங்கேதான் நின்றிருந்தாள். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டபிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தத் 'தொடாத'ன்ற வார்த்தய எங்கம்மாவும் கேட்டா, நானும் கேட்டேன். உங்கிட்ட யாரும் சொன்னதில்லியே. நீ எங்கடி கத்துக்கின?"

சோற்றுத் தட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் இரண்டாவது மெயில் வந்தது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் விளக்கம் தரவேண்டும். அமுக்கியவர்களை உனக்குத் தெரியுமா என்று ஒரு கேள்வி இருந்தது. தெரியாது, எவனோ வேண்டாதவன் செய்த வேலை என்று எழுதிவிடலாம் என்று பஞ்சாட்சரம் அண்ணன் சொன்னார். நானும் அப்படித்தான் எழுத ஆரம்பித்தேன். நான்கு வரி எழுதி அழித்தேன். பிறகு அம்மாவின் மொய் நோட்டை வாங்கி ஸ்கேன் செய்து, ஒவ்வொரு பெயரையும் இங்கிலீஷில் எழுதி, இவர்கள் என் ஊர்க்காரர்கள், கல்யாண வீட்டில் செய்கிறமாதிரி எனக்குச் செய்தார்கள், அவர்களுக்கு உங்கள் விதி தெரியாது, சொல்லித் தராதது என் தப்பு என்று அனுப்பினேன். செங்கேணியின் பெயர் நோட்டில் இல்லை. அதை நான் கடைசியில் சேர்த்தேன்.

மூன்று நாள் நான் மனுஷியாகவே இல்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்தவரின் ரேஷன் கார்டை இன்னொருவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன். நான்காம் நாள் காலை பதில் வந்தது. விளக்கத்தை ஏற்கிறோம், கணக்கு தொடரும், இனி ஒருமுறை நடந்தால் விசாரணை இல்லாமல் நிரந்தரமாக மூடப்படும். நான் எழுந்து நின்று கை தட்டினேன். பஞ்சாட்சரம் அண்ணன் டீ வாங்கித் தந்தார்.

காலனியிலிருந்து அந்த வாரம் ஒருவரும் சென்டர் பக்கம் வரவில்லை. மனு எடுக்கக்கூட வரவில்லை. ஞானதாஸ் பென்ஷன் மனுவுக்குக் காஞ்சிபுரம் போனதாகக் கேள்விப்பட்டேன். இருக்கட்டும், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இருபத்தொன்பதாம் தேதி மதியம் செங்கேணி வந்தாள். வாசற்படிக்கு வெளியே, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மகன் சஞ்சய்க்குச் சாதிச் சான்றிதழ் மனு மறுநாள் கொடுத்தால்தான் ஹாஸ்டல் கிடைக்குமாம்.

"நான் எதயும் தொடலம்மா. நீயே எட்துக் குடு."

உள்ளே வரச் சொன்னேன். அன்றைக்கு நான் பேசியது தப்பு, மன்னித்துக்கொள் அக்கா என்றேன். அவள், அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றாள், கையை மட்டும் முன்னால் கொண்டுவரவில்லை. தோளைப் பிடித்து மூன்றாவது மெஷினில் உட்கார வைத்து, அவள் கையை எடுத்து மவுஸ் மேல் வைத்து, நீயே எடு என்று சொன்னேன். மனுப் பக்கம் திறந்திருந்தது. இடது பக்கம் பிரிண்ட் பட்டன். வலது பக்கம், விதிப்படி தள்ளியே வைத்திருந்த விளம்பரம். அம்புக்குறி நடுங்கி நடுங்கி நகர்ந்தது. இடது பக்கம் போகவேண்டியது தடுமாறி வலது பக்கம் போய் விளம்பரத்தின் மேல் நின்றது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை, கையை நீட்டவில்லை. மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

செங்கேணி திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். மெதுவாகக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம்மா. உன் மூஞ்சியே சொல்லுது."

மனுவை நானே எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். விளம்பரத்தைப் பக்கத்தில் கொண்டுவரும் கம்ப்யூட்டர் நிரல் ஐந்து வரிதான். மனுப் பக்கங்களில்தான் ஆட்கள் வருகிறார்கள், அதில் விளம்பரம் இல்லையென்றால் பிறகு எதிலும் ஒன்றும் தேறாது. அது எனக்கு நன்றாகவே தெரியும். எல்லாப் பக்கங்களிலிருந்தும் அந்த ஐந்து வரியை அழித்தேன். அழித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

மானாம்பதி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள். இறங்கு அக்கா, இன்னொரு மனு எடுத்து வைத்துக்கொள், ஆபீசில் ஒன்று கெட்டுப்போனால் ஆகும் என்று கையைப் பிடித்து இழுத்தேன். என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பாள். ஆனாலும் இறங்கி வந்தாள்.

மறுபடியும் உட்கார்ந்தாள். அம்புக்குறி வழக்கம்போல வலது பக்கம் ஓடியது, அங்கே வெறும் வெள்ளைதான் இருந்தது. பொறுமையாக அதை இழுத்துக்கொண்டு போய் பிரிண்ட் பட்டனை அமுக்கினாள். மெஷின் தாளைத் தள்ளியது. சூட்டோடு அதை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் ஒரு பொட்டி இருந்துச்சே, எங்க போச்சு?"

"எட்துட்டேன்க்கா."

"அப்ப உனக்கு?"

"நாலரைக்கு கம்பெனி பஸ் கீது. திங்கக்கெழமைலருந்து."

அம்மாவோடு களை எடுக்கிறவளுக்கு அந்தக் கம்பெனியைப் பற்றியும் என் காலைப் பற்றியும் தெரியாமல் இருக்குமா? தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். கொஞ்ச நேரம் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குந்த எடம் கெடைக்குமா?"

"பஸ்ஸுல கெடைக்கும்க்கா" என்றேன்.