வெள்ளைக் கல்லும் எலுமிச்சை மூடியும்

கைப்பைக்குள் அரை மூடி எலுமிச்சம்பழத்தோடு கல் கடைக்குப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே அந்தப் பழமொழி வரும்.

எங்கள் சமையல் மேடையின் வெள்ளைக் கல்லில் பதினோரு வருடமாகத் திட்டுத்திட்டாகக் கறை. சோடா, சோப்புத்தூள், எதற்கும் அசையவில்லை. "கல்லுலதாங்க ஏதோ கோளாறு" என்று ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். அன்று பிடித்தது சனி. வீட்டுக்கு யார் வந்தாலும் மேடையைக் காட்டி அதையே சொல்லிச் சிரிப்பார். அவருடைய அக்கா, என் நாத்தனார், கல்லை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பொம்பளைக்குக் கை சுத்தம் வேணும்" என்பாள். நான் சமைத்ததைத் தின்றுகொண்டே சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது மேடையை உடைத்துப் புதிதாகப் போடுகிறோம். மறுபடியும் அதே கடை, மறுபடியும் வெள்ளைதான் வேண்டுமாம். இன்னொரு பதினோரு வருடம் என்னால் முடியாது.

"வெள்ளை கிரானைட் காட்டுங்க" என்றார் இவர். கடைக்காரர் சாய்த்து நிறுத்தியிருந்த ஒரு பலகையின்மேல் தண்ணீரை வீசித் துடைத்தார். பளிச்சென்றது. "பால் மாதிரி இருக்கு பாருங்க சார்." பக்கத்துப் பலகையும் வெள்ளைதான், ஆனால் சாம்பல் புள்ளிகள். இவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முதல்ல காட்டினது கிரானைட்டுதானே?" என்று கேட்டேன்.

"நல்ல கல்லு சார்" என்று பதில் அவருக்குப் போனது. சமைக்கப் போவது சாரா?

கடைக்காரர் காதில் செருகியிருந்த மெழுகுப் பென்சிலை எடுத்தார். கல்லில் வாங்குகிறவர் பெயரை எழுதிவிட்டால் பேச்சு முடிந்தது. மேசைமேல் இரண்டு கல்லின் மாதிரித் துண்டுகளும் கிடந்தன. எலுமிச்சையை எடுத்து இரண்டின்மேலும் பிழிந்தேன்.

"என்னம்மா பண்றீங்க" என்று கடைக்காரர் துணியோடு ஓடி வந்தார்.

"துடைக்காதீங்க. அஞ்சு நிமிஷம் இருக்கட்டும்."

"நாலு பேர் எதிர்ல மானத்தை வாங்காதே" என்று பல்லைக் கடித்தார் இவர்.

"என் மானம் போயே பதினோரு வருஷமாச்சு" என்றேன்.

ஐந்து நிமிடம் கழித்து நானே துடைத்தேன். புள்ளிக் கல் அப்படியே இருந்தது. பால் கல்லில் பளபளப்பு செத்து, வட்டமாக ஒரு திட்டு. எனக்கு நன்றாகத் தெரிந்த திட்டு. அதைத்தான் தினமும் கை நோகத் தேய்க்கிறேன்.

கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அது மார்பிள்தாம்மா. வெள்ளையா இருந்தா எல்லாத்தையும் கிரானைட்டுன்னு கேக்கறாங்க, நாங்களும் எடுத்துக் குடுத்துடறோம். ஆனா போன தடவை உங்க மேடைக்கு இதே கல்லை எடுத்தப்பவே சார்கிட்ட சொன்னேம்மா, புளிப்பு பட்டா அரிக்கும், சமையலுக்கு வேணாம்னு. அதெல்லாம் வீட்டுல பாத்து நடந்துப்பாங்கன்னு சார்தான் எடுத்துட்டுப் போனாரு."

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார். தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைக் காட்டிச் சிரித்திருக்கிறார். எலுமிச்சை மூடியை முகத்திலேயே விட்டெறியலாமா என்றிருந்தது.

"பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது? புள்ளிக் கல்லையே எடுத்துக்கலாம், விடு" என்றார் மெதுவாக.

"எடுக்கலாம். மொதல்ல உங்க அக்காவுக்கு போன் போடுங்க."

"எதுக்கு?"

"கூடம்தான் கோணல்னு சொல்லுங்க. தெரிஞ்சேதான் கோணலாக் கட்டினேன்னும் சேத்துச் சொல்லுங்க."

"யார் பேரும்மா எழுதறது?" என்று கடைக்காரர் முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கேட்டார். பென்சிலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "இவர் பேசி முடிக்கட்டும், நானே எழுதறேன்."

இவர் போனை எடுத்தார். நம்பரைத் தேட அவ்வளவு நேரம் ஆனது. அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியதும் போனைக் காதுக்குக் கொண்டுபோனார்.

"காதுல வேணாம்" என்றேன். "ஸ்பீக்கர்ல போடுங்க."