கார்டுக்கு மூஞ்சி தெரியாது

இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாக்கு அழுகட்டும். நடந்தது நடந்தபடி இதுதான்.

பூட்டு ரிப்பேர்க்காரரின் குறட்டைக்குப் பயந்து பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தெரு தள்ளிக் குடிபோனார். அங்கிருந்தும் தினம் காலையில் வந்து சண்டை போட்டார். குறட்டையை ரிப்பேர்க்காரரின் மனைவி சட்டை செய்ததில்லை. அது நிற்கும்போதுதான் அவளுக்கு உதறும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். பத்தைத் தாண்டினால் விலாவில் முழங்கையால் ஓர் இடி. மனுஷன் செருமிக்கொண்டு மூச்சை இழுப்பார். முப்பது வருடமாக அவள் தூங்கியதெல்லாம் இரண்டு இடிகளுக்கு நடுவில்தான். எந்தப் பூட்டையும் காதருகே வைத்துக் கேட்டே திறக்கிறவர், தன் மூச்சு பூட்டிக்கொள்வதை ஒருநாளும் கேட்டதில்லை.

இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கியதும் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. அதைக் கவனிக்காம துடிப்பை மட்டும் சரி பண்ணினா, திரும்பவும் தடுமாறும். மெஷின்லேர்ந்து குழாய் வழியா காத்து ஊதுற இந்த மாஸ்க்கை மூணு மாசம் போட்டுத் தூங்குங்க. எத்தனை மணி நேரம் போட்டீங்கன்னு மெஷின் கார்டுல பதிவாகும். அதைப் பாத்துட்டுதான் சிகிச்சைக்குத் தேதி."

முதல் நாளே மாஸ்க்கைக் கழற்றி அவள் மடியில் போட்டார். "தும்பிக்கையோட தூங்க நான் என்ன யானையா? நீ மாட்டிக்கோ."

"வியாதி எனக்காங்க?"

"கார்டுக்கு மூஞ்சியா தெரியும்? மணி ஏறினா போதும், தேதி கெடச்சிரும்."

தேதி கிடைக்க வேண்டுமே என்றுதான் மாட்டிக்கொண்டாள். காற்றின் இரைச்சலில் குறட்டை கேட்கவில்லை. அது நிற்பதும் கேட்கவில்லை. வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தாலும் கட்டிலோடு கூடவே போயிருப்பாள், அப்படியொரு தூக்கம். ஒரே மாதத்தில் இருபது வயது குறைந்துவிட்டது, தபால்காரர் அவளிடமே, "அம்மா வீட்ல இருக்காங்களா பாப்பா?" என்று கேட்டார்.

கணவருக்கோ கண்ணுக்கடியில் கருமை ஏறியது. ஆனாலும், "விலா வலியே போயிடுச்சு. அந்த மெஷின் நல்லாத்தான் வேலை செய்யுது," என்று சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது, ஒரு காலை அவள் நன்றாகத் தூங்கி எழுந்தாள். அவர் எழவில்லை.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனவளை உட்கார வைத்து, டாக்டர் கார்டைப் போட்டுப் பார்த்தார். திரையில் பச்சைக் கோடுகள் ஒரு நாள் தப்பாமல் ஓங்கி நின்றன.

"தினம் ஏழு மணி நேரம். இவ்வளவு ஒழுங்கா யாருமே போட்டதில்லம்மா," என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க தப்பாச்சுன்னே எனக்குப் புரியல."

மாஸ்க்கின் பட்டை பதிந்த தடத்தைக் கன்னத்தோடு உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவள் திரையையே பார்த்திருந்தாள்.

அந்தப் படுக்கையறையில் இருந்தது அவர்கள் இருவர் மட்டும்தான்; அவள் இதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.