ஒன்பதாவது கிரீன்

ஆலங்கட்டி மழை மொத்தமே பதினோரு நிமிடம்தான் பெய்தது. அதற்குள் அந்தக் கோல்ஃப் மைதானத்தின் பதினெட்டு கிரீன்களும் அம்மை வார்த்த முகம்போல் ஆகிவிட்டன. கொடி நட்ட குழியைச் சுற்றி ஒட்ட வெட்டி வளர்க்கும் புல்தரையைத்தான் அங்கே கிரீன் என்பார்கள். ஒரு சின்னப் பள்ளம் இருந்தாலும் பந்து திசை மாறிவிடும். இப்போது உள்ளங்கை அகலத்துக்கு நாலு பள்ளம்.

"ஞாயித்துக்கிழமை போட்டி. சனிக்கிழமை சாயங்காலம் வெறுங்காலோட நடந்து பாப்பேன். ஒரு பள்ளம்கூடக் காலுக்குத் தட்டக் கூடாது," என்று மறுநாள் செவ்வாய் காலையில் சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர்.

புல் வேலைக்கு எட்டுப் பெண்கள். அவர்களுக்குச் சூப்பர்வைசராக இருந்தவளை எல்லோரும் பெரியவள் என்றார்கள். அவள் தங்கை அந்த எட்டுப் பேரில் ஒருத்தி, அவள் சின்னவள். பெரியவள் அவர்களைச் சுற்றி நிற்கவைத்து, இரண்டு பல் கொண்ட சின்ன முள்கரண்டியால் ஒரு பள்ளத்தைச் சரிசெய்து காட்டினாள்.

"ஓரத்துல குத்தி, புல்ல நடுவப் பாத்துத் தள்ளணும். நாலு பக்கமும் அப்படித் தள்ளி, கையால அழுத்தி விடணும். கீழருந்து நெம்பவே கூடாது. நெம்புனா பாக்க மட்டமாத்தான் இருக்கும், உள்ள வேர் அறுந்துடும்."

சின்னவள் அதைக் கேட்டாளா என்று சொல்ல முடியாது. அவள் கணவன் மைதானத்தில் டிராக்டர் ஓட்டுபவன். ஆலங்கட்டி விழும்போது வண்டியைக் கொட்டகைக்குள் விட ஓடியவனுக்கு வலது கண்ணில் அடி. இந்தச் செவ்வாய் மாலை நாலு மணிக்கு ஆபரேஷன்.

"அக்கா, அவரு நான் வந்தாத்தான் உள்ளயே போவேன்னு அடம்பிடிக்கிறாரு. மத்தியானத்தோட விட்டுடேன்."

"ஒன்பதாவது உன் பொறுப்பு. முடிச்சிட்டுப் போ."

"எப்படிக்கா முடியும்? ஆயிரம் பள்ளம் இருக்கும்."

"அது உன் சாமர்த்தியம்."

பக்கத்தில் இருந்த ஒல்லியான பெண், வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கியவள், "நாங்க ரெண்டு பேர் கை குடுக்கறோம், சூப்பர்வைசரம்மா. கண்ணு விஷயம்," என்றாள்.

"உன் கிரீன முடிச்சிட்டியா? அப்ப வாய மூடிட்டு முட்டி போடு."

பன்னிரண்டு மணிவாக்கில் பெரியவள் ஒன்பதாவது பக்கம் வந்தாள். மர நிழலில் நின்று பார்த்தாள். சின்னவள் முழங்காலில் நகர்ந்துகொண்டே வேகவேகமாகக் குத்தினாள். குத்திய கை ஒவ்வொரு முறையும் கீழே அமுங்கியது. நெம்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு குரல் கொடுத்தால் போதும். பெரியவள் வாயைத் திறக்கவும் செய்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

அப்பா மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார். பீயும் மூத்திரமும் அள்ளியது பெரியவள். கடைசி வாரத்தில் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து அழுதது சின்னவள். அப்பா சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தார். அந்த மூன்று வருடத்தில் பெரியவள் கையை அவர் ஒருநாளும் பிடித்ததில்லை. எட்டித் தள்ளியதுதான் உண்டு.

அவள் தூக்குவாளியில் இருந்த டீயை ஊற்றி நிதானமாகக் குடித்தாள். மற்ற கிரீன்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தாள். சின்னவள் இன்னும் நெம்பிக்கொண்டிருந்தாள். மூன்றேகாலுக்குப் பள்ளமே தெரியவில்லை.

"முடிஞ்சிருச்சுக்கா." முழங்கால் இரண்டும் தோலுரிந்திருந்தன.

பெரியவள் குனிந்து தடவிப் பார்த்தாள். "நல்லா வந்திருக்கு. போ."

சின்னவள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதாவது கிரீன் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். நெம்பிய இடமெல்லாம் புல் செத்திருந்தது.

"யார் செஞ்சது?" என்றார் மேனேஜர்.

"என் தங்கச்சி."

"சொல்லிக் குடுக்கலையா?"

"எட்டுப் பேருக்கும் ஒண்ணாத்தான் சொல்லிக் குடுத்தேன், சார்."

மேனேஜர் அவளை மரியாதையோடு பார்த்தார். சின்னவளுக்கு அன்றே வேலை போனது. டிராக்டர்காரனுக்கு இனி ஒரு கண்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவனும் வேண்டாம் என்றார்கள். சனிக்கிழமைக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

பெரியவள் சனிக்கிழமை காலை அங்கே போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒற்றை அறை. சின்னவள் வாசலில் பாய்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ரேடியோ பக்கத்து கிரீன்லருந்து பாத்துட்டுச் சொன்னா. நீ மரத்தடியில நின்னு டீ குடிச்சியாமே, நான் நெம்பறப்ப."

"ஆமா."

"அப்பா உன்கிட்ட என்னக்கா சொன்னாரு? என்னப் பாத்துக்கச் சொன்னாரு."

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

சின்னவள் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். உள்ளே இருந்து, நல்ல கண்ணையும் சேர்த்து மூடிய கட்டோடு அவள் கணவன் சுவரைத் தடவிக்கொண்டு வந்தான்.

"அண்ணியா? வாங்க அண்ணி. அன்னைக்கு நீங்க மட்டும் இவள அனுப்பாம இருந்திருந்தா நான் பயத்துலயே செத்திருப்பேன். ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்." அவன் இரண்டு கைகளையும் கூப்பினான், அவள் நின்ற திசைக்குச் சற்றுத் தள்ளி.

பெரியவள் தங்கையைப் பார்த்தாள்.

"நான் சொல்லல," என்றாள் சின்னவள், அவனுக்குக் கேட்காமல். "சொல்லவும் மாட்டேன். அவரு ஒவ்வொரு தடவ கும்பிடறப்பவும் நீ வாங்கிக்க."

வண்டி வந்தது. மூட்டைகளை ஏற்றப் பெரியவள் கை நீட்டினாள். சின்னவள் தடுக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. அவளைச் சுற்றிக்கொண்டு போய்த் தானே ஏற்றினாள்.

போட்டி நடந்தது. ஒன்பதாவதைக் கயிறு கட்டி மறித்து, பக்கத்தில் சும்மா ஒரு குழி போட்டு ஆடிவிட்டுப் போனார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. திங்கள்கிழமை பெரியவள் நாற்றங்காலிலிருந்து விரல் பருமனில் புல் பெயர்த்து வந்து, செத்த இடங்களைத் தோண்டி ஒவ்வொன்றாக நட ஆரம்பித்தாள். ரேடியோவும் மற்றவர்களும் பத்தாவதில் வேலை செய்தார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் பேச்சை நிறுத்தினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அவளால் நூற்றுப் பத்துதான் நட முடிந்தது.